சிறிய சோலார் சார்ஜ் கன்ட்ரோலர்: பொருத்துவதும் சோதிப்பதும் – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 100 வாட் பேனலும் 12 வோல்ட் ஈய அமில பேட்டரியும் 10 ஆம்பியர் பிடபிள்யூஎம் (பேனலை வேகமாக இணைத்துத் துண்டித்துச் சார்ஜைக் கட்டுப்படுத்தும்) வகை கன்ட்ரோலரும் வைத்திருக்கிறேன். எதை முதலில் இணைக்க வேண்டும்? வரிசை மாறினால் உண்மையிலேயே கெடுதல் உண்டா?

பதில்: பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவிதான் கன்ட்ரோலர். அதில் முதலில் பேட்டரி, அடுத்துப் பேனல், கடைசியில் லோடு, அதாவது விளக்கு போன்ற மின்சாதனங்கள். கழற்றும்போது இதே வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றுங்கள். பல கன்ட்ரோலர்கள் பேட்டரியின் மின்னழுத்தத்தைப் பார்த்துத்தான், தாங்கள் இருப்பது 12 வோல்ட் அமைப்பிலா 24 வோல்ட் அமைப்பிலா என்று முடிவு செய்கின்றன. 12 வோல்ட் பேனல் என்று விற்கப்படுவது, வெயிலில் எதனுடனும் இணைக்கப்படாமல் இருக்கும்போது 21 அல்லது 22 வோல்ட் காட்டும். பேட்டரி இல்லாத கன்ட்ரோலரில் அதைச் செருகினால், கன்ட்ரோலர் அமைப்பைத் தவறாகக் கணிப்பதோடு, அந்த உயர் மின்னழுத்தம் லோடு பக்கம் சென்று விளக்குகளைக் கெடுக்கவும் கூடும். ஆகவே வரிசை முக்கியம். இணைத்து முடிக்கும் வரை பேனலைத் தடித்த துணியால் மூடி வைப்பது இன்னும் நல்லது.

கேள்வி: ஃபியூஸ் எந்தப் பக்கம் வர வேண்டும்? கன்ட்ரோலரைப் பேனலுக்கு அருகில் வைக்கலாமா?

பதில்: பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். 100 வாட் பேனலின் இரு கம்பிகளும் ஒன்றோடொன்று பட்டால் ஓடக்கூடியது ஏறத்தாழ 6 ஆம்பியர்தான். பேட்டரியோ அதே நிலையில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளிக் கம்பியைப் பற்ற வைத்துவிடும். 10 ஆம்பியர் கன்ட்ரோலருக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் பொருந்தும். நேர்மின்னோட்டத்துக்கு உரியது என்று அதில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

கன்ட்ரோலரைப் பேட்டரிக்கு அருகில்தான் வைக்க வேண்டும். 5 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 6 ஆம்பியர் போய்த் திரும்பினால் சுமார் 0.4 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும். பேனல் பக்கம் இந்த இழப்பைத் தாங்க இடம் உண்டு, ஏனெனில் பேனல் ஏறத்தாழ 18 வோல்ட் வரை தரக்கூடியது. பேட்டரி பக்கம் அது நேரடியாகப் பேட்டரியின் ஆயுளைத் தொடும். நீளமான கம்பி பேனல் பக்கமாகவே இருக்கட்டும்; பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் இடையே 4 சதுர மி.மீ. கம்பி ஒரு மீட்டருக்குள் முடியட்டும். கன்ட்ரோலருக்குள் இருக்கும் வெப்ப உணரி, பேட்டரியும் அதே வெப்பத்தில்தான் இருக்கிறது என்று எண்ணிச் சார்ஜ் அளவை மாற்றுவதால், இரண்டும் ஒரே அறையில் இருப்பது அவசியம்.

கேள்வி: இன்வெர்ட்டரை லோடு முனையில் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. தொடங்கும் நொடியில் அது இழுக்கும் மின்னோட்டத்தைச் சிறிய கன்ட்ரோலர் தாங்காது. தனி ஃபியூஸ் வைத்து நேராகப் பேட்டரியிலிருந்து எடுங்கள்.

கேள்வி: சார்ஜ் ஏறும்போது கன்ட்ரோலரின் திரையில் 14.4 வோல்ட் தெரிகிறது. ஆனால் இரவில் விளக்கு சீக்கிரமே அணைந்துவிடுகிறது. பேட்டரி கெட்டுவிட்டதா?

பதில்: அந்த முடிவுக்கு வருமுன் ஒரு சோதனை செய்யுங்கள். நல்ல வெயிலில், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே, மல்டிமீட்டரால் முதலில் கன்ட்ரோலரின் பேட்டரி முனைகளிலும், உடனே பேட்டரியின் ஈயத் தண்டுகளிலும் அளந்து பாருங்கள். கம்பியை இறுக்கும் கவ்வியில் வைக்காமல் தண்டின் மீதே மீட்டரின் முனையை வைக்க வேண்டும். 5 ஆம்பியர் ஓடும்போது இரண்டு அளவுகளுக்கும் வித்தியாசம் 0.1 வோல்ட் அளவுக்குள் இருந்தால் நல்லது. 0.4 வோல்ட் வந்தால், திரை 14.4 என்று சொல்லும் நேரத்தில் பேட்டரிக்குக் கிடைப்பது 14.0 மட்டுமே, கன்ட்ரோலர் வேலை முடிந்தது என்று மின்னோட்டத்தைக் குறைத்துவிட, பேட்டரி நாள்தோறும் அரைகுறையாகவே நிறைந்து, தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டிப்படுகிறது.

இதற்குக் காரணம் பெரும்பாலும் திருகுதான். பல இழைக் கம்பியைச் செருகும்போது நான்கைந்து இழைகள் வெளியே பிதுங்கி நிற்கும், அல்லது திருகு செம்பைக் கவ்வாமல் பிளாஸ்டிக் உறையைக் கவ்வியிருக்கும். கன்ட்ரோலரைக் கழற்றும் வரிசையில் கழற்றி, இழைகளை முறுக்கி, முனைக்குழல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு உலோகக் குழாய்) பொருத்தி இறுக்குங்கள். பிறகு கம்பியை இழுத்துப் பாருங்கள், அசையக் கூடாது. இதற்குப் பிறகும் குறை நீடித்தால், பேட்டரியை லோடும் சார்ஜும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்வில் வைத்து அளக்கலாம்: 12.7 வோல்ட் அளவில் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி.

கேள்வி: நண்பகலில் பேனல் முனையில் 20 வோல்ட் இருக்கிறது, மின்னோட்டம் மிகக் குறைவு. கன்ட்ரோலர் பழுதா?

பதில்: பேட்டரி நிறைந்திருந்தால் இது இயல்பு. பிடபிள்யூஎம் வகை, பேனலை வேகமாக இணைத்துத் துண்டித்து மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் பேனலின் மின்னழுத்தம் மேலே ஏறி நிற்கும். பேட்டரி நிறையாத வேளையில் பேனல் பக்க அளவு பேட்டரியின் அளவைவிடச் சிறிதளவே கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதும் 20 வோல்ட் தெரிந்தால் ஃபியூஸையும் இணைப்புகளையும் பாருங்கள். பேனலைத் தனியே கழற்றி மீட்டரின் 10 ஆம்பியர் துளையில் மின்னோட்டத்தை அளக்கலாம். ஆனால் மீட்டரை அந்த நிலையில் வைத்துக்கொண்டு பேட்டரியைத் தொடவே தொடாதீர்கள். அது நேரடியான குறுக்குச் சுற்று ஆகிவிடும்.

கேள்வி: லித்தியம் பேட்டரிக்கு மாறினால் இதே கன்ட்ரோலர் போதுமா?

பதில்: லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு உரிய அமைப்பு அதில் இருந்தால் மட்டுமே. வெப்பத்துக்கேற்ப மின்னழுத்தத்தை மாற்றும் வசதியும் ஈய அமில பேட்டரிக்கான சமன்செய் சார்ஜும் (செல்களைச் சமமாக்க அவ்வப்போது உயர் மின்னழுத்தத்தில் ஏற்றுவது) லித்தியம் பேட்டரிக்கு ஆகாது. பூஜ்ய டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யவும் கூடாது.

கேள்வி: மின்னழுத்தம் குறைந்தால் லோடைத் துண்டிக்கும் வசதி வேலை செய்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: லோடையும் பேனலையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, பேட்டரி முனைகளில் அளவு மாற்றக்கூடிய மின்வழங்கியை 13 வோல்ட்டில் இணைத்து, ஒரு சிறு விளக்கை லோடில் கொடுத்து, மெதுவாகக் குறைத்து வாருங்கள். பல கன்ட்ரோலர்கள் 11 வோல்ட் அருகில், சில நொடிகள் காத்திருந்து துண்டிக்கும். என் கருத்தில் ஈய அமில பேட்டரிக்கு அது மிகத் தாழ்வு. மாற்ற முடியுமானால் 11.8 வோல்ட்டுக்கு உயர்த்தி வையுங்கள். பின்னர் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் 12.6 வோல்ட்டை ஒட்டி விளக்கு மீண்டும் எரிய வேண்டும். லோடு விலகியதும் பேட்டரியின் மின்னழுத்தம் தானாகச் சற்று ஏறுவதால், இவ்வளவு இடைவெளி இல்லாவிட்டால் விளக்கு எரிவதும் அணைவதுமாகவே இருக்கும்.