இறக்கத்தில் வலிக்கிறது, என்ன வாங்கலாம்?

இந்த முறை மலைப்பாதை ஓட்டக்காரர்களின் கடிதங்கள் மட்டும். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது முழங்காலின் வெளிப்பக்கம் குத்துகிறது. முழங்கால் உறை (knee cap) போட்டும் பயனில்லை. இன்னும் விலை கூடியது வாங்கலாமா?

வேண்டாம். இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்புறமாக முழங்காலுக்குக் கீழ்வரை இறங்கும் இலியோடிபியல் பட்டையில்தான் பெரும்பாலும் இந்த வலி வரும். முழங்கால் சுமார் 30 டிகிரி மடங்கும் நிலையில் அது எலும்போடு அழுந்துகிறது. இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து ஓடும்போது கால் அந்த மடிப்பிலேயே அதிக நேரம் சுமை தாங்குகிறது. துணி உறை கதகதப்பைத் தரும், கொஞ்சம் தைரியமும் தரும். அந்த அழுத்தத்தை அது குறைக்காது.

இரண்டு மூன்று வாரத்துக்கு ஓடி ஏறுங்கள், நடந்து இறங்குங்கள். பக்கவாட்டில் படுத்து மேல் காலை நேராக உயர்த்தும் பயிற்சியை 15 முறை வீதம் 3 சுற்று செய்யுங்கள். அது எளிதானதும் உடற்பயிற்சி ரப்பர் வளையத்தை இரண்டு கால்களையும் சேர்த்துக் கணுக்காலுக்கு மேலே மாட்டி, பக்கவாட்டில் 15 காலடி போய்த் திரும்புங்கள். நீங்கள் வாங்க வேண்டியது அந்த வளையம் ஒன்றுதான். மாட்டும் முன் இழுத்துப் பாருங்கள். சிறு வெடிப்பு தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். முழங்கால் வீங்கினாலோ, பாதி மடிப்பில் சிக்கி நீள மறுத்தாலோ கடைக்குப் போகாதீர்கள், எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: கார்பன் தட்டு வைத்த சாலை ஷூ இருக்கிறது. அதையே மலைக்கும் போடலாமா?

போடலாம், தார்ச்சாலை முடியும் இடம் வரை.

கேள்வி: கடையில் டிரெட்மில்லில் ஓடவிட்டு வீடியோ எடுத்தார்கள். "பாதம் உள்ளே சாய்கிறது, இப்படியே விட்டால் காயம் நிச்சயம்" என்று சொல்லி, சாய்வைத் தடுக்கும் ஷூவையும் அதைவிட விலை கூடிய உள்ளட்டையையும் தலையில் கட்டினார்கள். மூன்று மாதத்தில் குதிகால் நாண் வலிக்க ஆரம்பித்துவிட்டது. நான் ஏமாந்துவிட்டேனா?

ஆமாம், ஆனால் அது உங்கள் தவறல்ல. வெள்ளை அங்கி மாட்டாத குறைதான், மற்றபடி முழு மருத்துவமனை நாடகம் அங்கே நடக்கிறது.

பாதம் உள்ளே சாய்வது நோயல்ல. தரையில் இறங்கும் அதிர்ச்சியைக் கால் வாங்கிக்கொள்ளும் இயல்பான வழி. சமதளப் பட்டையில் ஒரு நிமிட ஓட்டத்தை வைத்து, மூன்று மணி நேரக் களைப்போடு கல்லிலும் சரிவிலும் உங்கள் கால் எப்படி விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படைகளில் சேர்ந்த புதியவர்களிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரு குழுவுக்குப் பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்தார்கள்; மற்றக் குழுவில் எல்லாருக்கும் ஒரே வகை ஷூ. காயங்களில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. முடிவுகள் 2009, 2010-இலேயே வெளிவந்துவிட்டன. கடைகளில் கேமரா மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சூடாக்கிப் பாதத்துக்கு 'வார்த்துக்' கொடுத்த உள்ளட்டை ஒன்று என் அலமாரியிலும் கிடக்கிறது. ஷூவின் நாற்றம்கூட அதில் ஏறவில்லை.

கடை உங்களிடம் கேட்டிருக்க வேண்டியது வேறு: பழைய ஷூவின் டிராப் என்ன? குதிகால் பக்க உயரத்தில் முன்பாத உயரத்தைக் கழித்தால் வருவது அது. 10 மி.மீ.-இலிருந்து 4 மி.மீ.-க்கு இறங்கினால் கெண்டைக்கால் தசைக்கும் குதிகால் நாணுக்கும் சுமை கூடும். உயர்ந்த டிராப்பில் முழங்காலுக்குக் கூடும். எது நல்லது என்ற கேள்வியே இல்லை, திடீரென மாற்றுவதுதான் ஆபத்து. புது ஷூவை முதலில் வாரம் ஒரு குறுகிய ஓட்டத்துக்கு மட்டும் போட்டு, 6 முதல் 8 வாரத்தில் முழுதாக மாறுவது நிதானமான வழி. உங்கள் இரண்டு ஷூக்களின் எண்ணையும் பார்த்துவிட்டு, வலி அடங்கும்வரை பழைய டிராப்புக்கே திரும்புங்கள்.

நாணுக்கு: படி விளிம்பில் முன்பாதத்தால் நின்று, நல்ல காலால் எழும்பி, வலிக்கும் காலால் மெதுவாகக் குதிகாலைக் கீழே இறக்குங்கள். முழங்கால் நேராக 15 முறை வீதம் 3 சுற்று, லேசாக மடித்து அதேபோல் 3 சுற்று. நாளைக்கு இருமுறை, 12 வாரம். குதிகால் எலும்பில் நாண் ஒட்டும் இடத்திலேயே வலி என்றால் படி வேண்டாம், சமதரையில் செய்யுங்கள்.

பணத்துக்கு: "காயம் நிச்சயம்" என்று சொன்னதை எழுத்தில் தரச்சொல்லிக் கடைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பில்லையும் அவர்களுடைய விளம்பரப் படத்தையும் இணையுங்கள். எழுதித் தர மாட்டார்கள், அந்த மறுப்பே உங்களுக்கு ஆதாரம். அதோடு நுகர்வோர் அமைப்பிடம் போங்கள்.

கேள்வி: மூட்டுத் தேய்மானத்துக்கு குளுக்கோசமைன் பொடி, ஆறு மாதப் பொதி, பாதி விலை...

முழங்கால் தேய்மானம் உள்ள 1,583 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியான சோதனையில், மொத்தமாகப் பார்த்தால் அது வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. பாதி விலையும் அதிகம்.

கேள்வி: தள்ளுபடியில் என் வழக்கமான அளவிலேயே டிரெயில் ஷூ வாங்கினேன். இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துவிட்டன. இப்போது திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

மலையில் ஓடிய ஷூவை யார் எடுப்பார்கள்? திருப்பும் காலம் இருக்கும்போது வீட்டுக்குள்ளேயே போட்டுப் பார்த்திருக்கலாமே. அடுத்த முறையாவது, கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில், ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு மாட்டுங்கள். நீண்ட விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். சாய்தளத்தில் கீழ்நோக்கி நில்லுங்கள். விரல் முட்டினால் கழற்றி வைத்துவிடுங்கள். இருக்கும் ஷூவில் மேல் கடைசித் துளை காலியாக இருக்கும். நாடாவை அதில் ஒரே பக்கமாகக் கோத்து சிறு வளையம் விட்டு, எதிர்ப்பக்க நாடாவை அந்த வளையத்தில் நுழைத்து இறுக்குங்கள். பாதம் முன்னால் சறுக்குவது குறையும். அதுவும் போதவில்லை என்றால் சமதள நடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊன்றுகோல் கார்பனா, அலுமினியமா? என் கார்பன் கோல் முதல் ஓட்டத்திலேயே முறிந்தது. "தவறான பயன்பாடு" என்று உத்தரவாதத்தை மறுக்கிறார்கள்.

பாறை இடுக்கில் சிக்கிப் பக்கவாட்டில் வளைந்தால் கார்பன் பட்டென்று முறியும், அலுமினியம் வளையும். வளைந்த கோலை ஊன்றிக்கொண்டாவது வீடு வந்து சேரலாம். கல் நிறைந்த பாதைக்கு நான் அதைத்தான் சொல்வேன். முறிவு நடுத்தண்டில் இல்லாமல் பூட்டிலோ இணைப்பிலோ இருந்தால் அது தயாரிப்புக் குறையாக இருக்க வாய்ப்பு அதிகம். கிட்டத்தில் படமெடுத்து, மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள், விடாதீர்கள். சமதளத்தில் முழங்கை 90 டிகிரி மடங்கும் உயரம் சரி, நீண்ட இறக்கத்தில் 5 முதல் 10 செ.மீ. கூட்டுங்கள். கல் இறக்கத்தில் கைவாரிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். கோல் கையோடு இருக்க விழுந்தால் கட்டைவிரல் தசைநார் கிழியலாம்.

கேள்வி: போட்டிக்கு முன் முன்னெச்சரிக்கையாக இபுப்ரோபன் வலி மாத்திரை போடுவேன். மொத்தமாக வாங்கினால் லாபமா?

நஷ்டம், சிறுநீரகத்துக்கு. சுமார் 80 கி.மீ. ஓட்டத்தில் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 400 மி.கி. எடுத்தவர்களில் 52 சதவீதத்தினரிடம் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறி தெரிந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதம். வலி மறைவதால் காயத்தின் மேலேயே ஓடுவீர்கள் என்பது தனிக் கணக்கு. வாங்காதீர்கள்.

கேள்வி: மலை இறங்கிய இரண்டாம் நாள் தொடை கல்லாகிவிடுகிறது. எந்த மசாஜ் கன் நல்லது?

கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். நீண்டுகொண்டே சுமை தாங்கிய தசையின் வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டுத் தானே இறங்கும். போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு ஒரு மிதமான இறக்க ஓட்டம் ஓடினால் அடுத்த முறை வலி வெகுவாகக் குறையும். அதற்குச் செலவே இல்லை. சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் உடனே மருத்துவமனை.

கேள்வி: ஒரே கணுக்கால் இரண்டு முறை சுளுக்கியது. வண்ண டேப்பா, கணுக்காலைத் தாங்கும், நாடா கட்டும் பிரேஸா?

பிரேஸ். ஷூவையும் கையோடு கொண்டுபோய், உள்ளே போட்டு நாடா கட்ட முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். இழுபடும் வண்ண டேப் மூட்டைப் பிடிக்காது. விறைப்பான டேப்பும் அரை மணி ஓட்டத்துக்குள் தளர்ந்துவிடும். கூடவே ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்கப் பழகுங்கள், பிறகு கண்ணை மூடி, பிறகு தலையணை மேல். அடுத்த சுளுக்கில் நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் முண்டின் பின்விளிம்பு எலும்பைத் தொட்டால் வலித்தாலோ, முதலில் எக்ஸ்ரே.