ஹாரியர் நேராக எழும்பும் என்றால் கப்பலில் ஓடுதளம் எதற்கு?

"சீ ஹாரியர் போர் விமானம் நின்ற இடத்திலிருந்தே எழும்புமே, பிறகு ஐ.என்.எஸ். விராட் விமானந்தாங்கிக் கப்பலின் முன்பக்கம் ஏன் மேல்நோக்கி வளைந்த ஓடுதளம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடைதான் காரணம். அதன் பெகாசஸ் எஞ்சினின் உந்துவிசை சுமார் 9,700 கிலோவைத்தான் தாங்கும். எரிபொருளும் ஏவுகணைகளும் முழுதாக ஏற்றினால் விமானம் 11,000 கிலோவைத் தாண்டிவிடும். நேராக எழும்ப வேண்டுமானால் நிறைய இறக்கிவைக்க வேண்டும். அப்படிக் கிளம்பிப் போய் என்ன சண்டை போடுவது? அதனால் கொஞ்ச தூரம் ஓடி, வளைவில் ஏறி, இறக்கையும் எஞ்சினும் சேர்ந்து தூக்கக் கிளம்புவார்கள். திரும்பி வரும்போது எரிபொருள் தீர்ந்து எடை குறைந்திருக்கும். செங்குத்தாக இறங்குவது அப்போதுதான்.

என்னைக் கேட்டால் ஹாரியரின் உண்மையான பலமே அந்த இறக்கம்தான். 1983-ல் தன் கப்பலைக் கண்டுபிடிக்க முடியாமல் போன ஒரு பிரிட்டிஷ் விமானி, எரிபொருள் தீரும் தறுவாயில், அல்ரைகோ என்ற ஸ்பெயின் சரக்குக் கப்பலின் கன்டெய்னர்கள் மேலேயே இறக்கிவிட்டார். செங்குத்தாக இறங்கத் தெரியாத போர் ஜெட்டாக இருந்திருந்தால் அன்று கடலுக்குள் போயிருக்கும்.

கோவா தபோலிமில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் சீ ஹாரியரைக் கிட்டத்தில் பார்க்கலாம். பக்கத்துக்கு இரண்டாக, எஞ்சின் காற்றை வெளியே தள்ளும், திரும்பக்கூடிய நான்கு குழல்வாய்கள் (நாசில்கள்). முன்னிரண்டில் விசிறிக் காற்றும் பின்னிரண்டில் சூடான வாயுவும் வரும். எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்குப் பக்கத்தில் உள்ள ஒரே லீவர் நான்கையும் திருப்பும். முன்கண்ணாடிக்கு வெளியே சின்னதாக ஒரு காற்றுகாட்டித் தகடு இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். அந்தரத்தில் நிற்கும்போது காற்று பக்கவாட்டில் பிடித்தால் விமானம் புரண்டுவிடும். அதனால் விமானி அந்தத் தகட்டைப் பார்த்தபடி மூக்கைக் காற்றை நோக்கியே வைத்திருக்க வேண்டும். எஞ்சின் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் பீய்ச்சும் வசதி உண்டு, ஆனால் அது ஒன்றரை நிமிடத்துக்குத்தான் வரும்.

அந்த ஒன்றரை நிமிடத்துக்குள் இத்தனையையும் செய்து, ஆடும் கப்பலில் இறக்க வேண்டும். 1983 முதல் 2016 வரை இவற்றை ஓட்டிய நம் கடற்படை, பாதிக்கும் மேற்பட்ட விமானங்களையும் பல விமானிகளையும் விபத்துகளில் இழந்தது. ஹாரியரைப் புகழும்போது அவர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.