பேயை விடுங்க, அந்தத் தண்ணி பாட்டிலைப் பாருங்க

கேள்வி:

அக்காவுக்கு வணக்கம். நாங்க டோக்கியோல நிஷிகசாய் பக்கம் இருக்கோம், வந்து ஆறு வருஷம் ஆச்சு. நான் ஒரு சின்ன இங்கிலீஷ் கிளாஸ்ல டீச்சர், எல்லாம் ஆறுலேருந்து எட்டு வயசு ஜப்பான் பசங்க. வருஷா வருஷம் ஹாலோவீனுக்கு பூசணிக்கா கலரிங், ட்ரிக் ஆர் ட்ரீட், சாக்லேட், அவ்ளோதான். இந்த வாட்டி வித்தியாசமா பண்ணலாம்னு இவங்க ஊர் பேயையே இங்கிலீஷ்ல சொன்னேன், ஸ்கூல் டாய்லெட்ல இருக்கற ஹனாகோ-சான். ஸ்லைடு போட்டு, லைட்டை அணைச்சு, கடைசியில டேபிளை ஓங்கி மூணு தட்டு. பசங்க கத்துன கத்துல பக்கத்து ரூம் டீச்சர் ஓடி வந்துட்டாங்க, செம ஹிட். ஆனா ஒரு பையனோட அம்மா, அவன் வீட்ல கூட டாய்லெட்டுக்கு தனியா போக மாட்டேங்கறான்னு மெயில் போட்டுட்டாங்க, ஓனர் என்னை மன்னிப்பு கேக்கச் சொல்றாரு. நாமெல்லாம் முனி கதை கேட்டு வளரலையா? இந்த ஊர்ல பிள்ளைங்கள ரொம்ப பொத்திப் பொத்தி வளக்கறாங்க. என் பொண்ணும் அதே கிளாஸ்லதான் உக்காந்திருந்தா, ஏழு வயசு, இங்க கவர்மெண்ட் ஸ்கூல்ல ரெண்டாவது படிக்கறா, அவ துளிகூட பயப்படல, "சும்மா கதைதானேம்மா"ன்னுட்டா. (இப்பல்லாம் ஸ்கூலுக்கு குடுத்து விடற தண்ணி பாட்டில் மட்டும் அப்படியே முழுசா திரும்பி வருது, குளிர் ஆரம்பிச்சிடுச்சு இல்லையா.) நான் மன்னிப்பு கேக்கணுமாக்கா? அடுத்த வருஷம் திரும்பவும் பூசணிக்கா கலரிங்தானா?

ஒரு வாசகி, டோக்கியோ

பதில்:

மன்னிப்பு, பூசணிக்கா எல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்மா. பிராக்கெட்டுக்குள்ள ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, தண்ணி பாட்டில் முழுசா திரும்பி வருதுன்னு, உங்க லெட்டரே அந்த ஒரு வரிதான், மத்ததெல்லாம் அதைச் சுத்தியிருக்கற காகிதம்.

குளிராம்! காலைல எட்டு மணிக்குப் போய் மத்தியானம் வரைக்கும் ஓடி ஆடற ஏழு வயசுப் பிள்ளை ஒரு வாய் தண்ணி குடிக்காம வருது, நீங்க கிளைமேட் மேல பழியைப் போடறீங்க. எந்தத் தேதிலேருந்து முழுசா வருதுன்னு பாத்தீங்களா? ஹாலோவீன் கிளாஸுக்கு முந்தின வாரம் எப்படி வந்துச்சு? பாத்திருக்க மாட்டீங்க, சாயந்திரம் அந்தத் தண்ணிய சிங்க்ல கொட்டி பாட்டிலைக் கழுவி கவுத்துட்டு அடுத்த நாள் கிளாஸுக்கு ஸ்லைடு ரெடி பண்ணப் போயிருப்பீங்க. நான் சொல்றேன் கேளுங்க. தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும், ஒண்ணுக்கு வந்தா ஸ்கூல் டாய்லெட்டுக்குப் போகணும், அந்த டாய்லெட்ல யாரு இருக்கான்னு அவங்க அம்மாவே லைட்டை அணைச்சுட்டு சொல்லிக் குடுத்திருக்காங்க. பிள்ளை கணக்கைக் கரெக்டா போட்டிருக்கு. உங்களுக்குத்தான் விடை தெரியல.

ஹனாகோ-சானைத் தெரியாதவங்களுக்காக சொல்லிடறேன். ஸ்கூல்ல மூணாவது மாடி, பொண்ணுங்க டாய்லெட், மூணாவது கதவு. மூணு தட்டு தட்டி "ஹனாகோ-சான் இருக்கீங்களா"ன்னு கேட்டா உள்ளேருந்து "ஹாய்"னு பதில் வரும், ஜப்பான்ல "ஹாய்"னா ஆமான்னு அர்த்தம். செவப்புப் பாவாடை, காதோட வெட்டுன முடி. 1980கள்ல அந்த ஊர் முழுக்க பசங்க வாய் வழியாவே பரவுன கதை. இந்தப் பேய் காட்டுல இல்ல, சுடுகாட்டுல இல்ல, பிள்ளைங்க தினமும் போயே ஆகவேண்டிய இடத்துல இருக்கு. அதுலயும் ஜப்பான்ல கிளாஸ் ரூமைக் கூட்டித் துடைக்கறது பிள்ளைங்க வேலைதான், பல ஸ்கூல்ல டாய்லெட் கழுவற முறையும் வரும். நீங்க எங்கேயோ மலைமேல கோட்டையில இருக்கற ரத்தக்காட்டேரி கதை சொல்லியிருந்தாக்கூட போகட்டும்னு விட்டிருப்பேன், அது டோக்கியோ வர ஃபிளைட் பிடிக்கணும்.

"துளிகூட பயப்படல"ன்னு எழுதறீங்களே, அதுல உங்களுக்கு எவ்ளோ பெருமை! அந்தப் பையனுக்குப் பயம் வந்ததும் ஓடிப்போய் சொல்ல வீட்ல ஒரு அம்மா இருந்தாங்க. உங்க பொண்ணு யார்கிட்ட போய் சொல்லுவா? அவ அம்மாதானே டேபிளைத் தட்டிட்டு சிரிச்சுக்கிட்டு நின்னது. எல்லாப் பிள்ளைங்களும் கத்துது, அம்மா முகத்துல சந்தோஷம், வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட செம ஹிட்டுன்னு கதை வேற ஓடியிருக்கும், இதுக்கு நடுவுல போய் "எனக்கு பயமா இருக்கு"ன்னு சொல்லி அம்மாவோட சந்தோஷத்தைக் கெடுக்க எந்தப் பொண்ணுக்கு மனசு வரும்? சும்மா கதைதானேன்னு உங்களுக்கு ஆறுதல் சொல்லியிருக்கா அவ. ஏழு வயசுல அம்மாவைத் தேத்தற வேலை பாக்கற பிள்ளையை தைரியசாலின்னு சொல்லாதீங்க, எனக்குப் பத்திக்கிட்டு வருது.

முனி கதை கேட்டு வளந்தோம், சரி. நானும்தான். எங்க பாட்டி புளியமரத்து முனியைப் பத்தி சொன்னா முதுகுல எறும்பு ஊறும். எங்க வீட்ல கக்கூஸ் கொல்லைப்பக்கம், கிணத்தைத் தாண்டி இருபது அடி இருட்டுல போகணும். கதை முடிஞ்சதும் எனக்கு முட்டிக்கிட்டு வரும், பாட்டி திட்டிக்கிட்டே அரிக்கேன் விளக்கை எடுத்துட்டு கூட வந்து வெளிய நிப்பாங்க, "நான் இங்கதான்டி நிக்கறேன், பேசிக்கிட்டே இரு"ம்பாங்க, உள்ள உக்காந்துக்கிட்டு நான் ஒண்ணு ரெண்டு எண்ணுவேன், பாட்டி வெளியலேருந்து ஊங்கொட்டுவாங்க. உங்களுக்கும் யாராவது ஒருத்தர் அப்படி நின்னிருப்பாங்க, யோசிச்சுப் பாருங்க. முனி மட்டும் ஞாபகம் இருக்கு, விளக்கு பிடிச்ச ஆளை மறந்துட்டீங்க. பயமுறுத்தின ஆளுதான் கூட வந்து நிக்கணும், எங்க காலத்துல அதுதான் முறை.

இது நம்ம ஊர் வழக்கம் மட்டும்னு நினைக்காதீங்க. நீங்க இருக்கற நாட்டுலயே அகிதா பக்கம் ஓகான்னு ஒரு இடம், டிசம்பர் 31 ராத்திரி வைக்கோல் உடுப்பும் கொம்பு வச்ச முகமூடியும் மரக்கத்தியுமா நமஹகேன்னு ஆளுங்க வீட்டுக்குள்ளயே பூந்து "அழுற பிள்ளை இங்க இருக்கா"ன்னு கத்துவாங்க. யுனெஸ்கோவோட கலாச்சாரப் பாரம்பரிய லிஸ்ட்ல இதை 2018ல சேத்தாங்க. பிள்ளைங்க வீறிட்டு அழும். ஆனா அந்த நேரம் அப்பா என்ன பண்ணுவாரு தெரியுமா? நமஹகேவை உக்கார வச்சு சாகேன்னு அரிசி மதுவை ஊத்திக் குடுத்து, எங்க பிள்ளை நல்ல பிள்ளை, சொன்னபடி கேக்கும்னு பிள்ளைக்காகப் பேசுவாரு. பிள்ளை அம்மா மடியில இருக்கும், இல்ல அப்பா முதுகுக்குப் பின்னாடி இருக்கும். உங்க கிளாஸ்ல பிள்ளைங்க பக்கம் பேச யாரு இருந்தா?

இன்னொண்ணு, நீங்க டீச்சர், உங்களுக்கே தெரிஞ்சிருக்கணும். அங்க கவர்மெண்ட் ஸ்கூல்ல இங்கிலீஷே 2020லேருந்து மூணாவதுலதான் ஆரம்பிக்குது. உங்ககிட்ட வர்ற ஆறு வயசுக்கு தெரிஞ்சது கலர், நம்பர், நாய், பூனை. அந்தப் பிள்ளைக்கு டாய்லெட் புரியும், ஹனாகோ புரியும், மூணு தட்டு நல்லாவே புரியும், நீங்க கடைசியில "இது வெறும் கதை, டோன்ட் வொரி"ன்னு சொல்லியிருந்தா அது மட்டும் புரியாது. அரைகுறையா தெரிஞ்ச பாஷையில பயம் முழுசா போய்ச் சேரும், ஆறுதல் பாதி வழியிலேயே நின்னுடும். சந்தேகம் கேக்கவும் வாயில வார்த்தை இருக்காது பாவம்.

இங்கிலீஷ் வாத்தியாரு, ஜப்பான் பேய்க்கதைன்னா உங்களுக்கு முன்னோடி ஒருத்தர் இருக்காரு, லாஃப்காடியோ ஹேர்ன். ஐரிஷ் அப்பா, கிரேக்க அம்மா, 1890ல ஜப்பான்ல மாட்சுவேங்கற ஊர்ல இங்கிலீஷ் வாத்தியாரா சேந்தவர், உள்ளூர்ப் பொண்ணு செட்சுவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு அவங்க சொல்லச் சொல்லக் கேட்ட கதைங்களையெல்லாம் இங்கிலீஷ்ல எழுதி 1904ல புக்கா வந்துச்சு. புத்தகத்தைப் பாத்துப் படிக்காதே, உன் வாயால, உன் வார்த்தையில சொல்லுன்னு பொண்டாட்டிகிட்ட பிடிவாதம் பிடிப்பாராம் (உங்க ஸ்லைடை அவரு பாத்திருக்கணும்). அவரைப் பத்தி எனக்கு மறக்காத விஷயம் வேற. சின்ன வயசுல இருட்டுன்னா பயம், அந்தப் பயம் போகட்டும்னே ராத்திரி அவரைத் தனியா இருட்டு ரூம்ல விட்டுக் கதவைப் பூட்டிடுவாங்களாம். ஐம்பது வயசை நெருங்கும்போது அதை உக்காந்து எழுதியிருக்காரு. அத்தனை வருஷம் கழிச்சும் போகல.

சரி, இப்ப செய்ய வேண்டியது. பொண்ணுகிட்ட பேய் இல்லவே இல்லன்னு லெக்சர் எடுக்காதீங்க, ஏன் தண்ணி குடிக்கலன்னு போலீஸ் மாதிரி விசாரிக்கவும் வேணாம். மடியில உக்கார வச்சு, "அம்மா லைட்டை அணைச்சு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா, உனக்கும் பயமாத்தான் இருந்திருக்கும், அம்மா கவனிக்கல"ன்னு சொல்லுங்க. ஆமா, மன்னிப்பு. முதல்ல அது அங்கதான் போகணும். அம்மா புள்ளகிட்ட மன்னிப்பு கேட்டா மரியாதை போயிடும்னு நினைக்கற கூட்டத்துல நீங்க சேர மாட்டீங்கன்னு நம்பறேன். அவ கிளாஸ் டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க, கொஞ்ச நாளைக்கு ஒரு ஃப்ரெண்டு கூட டாய்லெட் போகட்டும். போகும்போது எரியுது, வயிறு வலிக்குதுன்னு சொன்னா அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க, நாள்கணக்கா தண்ணி குடிக்காம அடக்கி வச்சா இன்ஃபெக்‌ஷன் வரும், மலச்சிக்கலும் வரும்.

அந்தப் பையனோட அம்மாகிட்ட நேர்ல போங்க, மெயில் வேணாம், நல்ல ஸ்வீட் பாக்ஸ் ஒண்ணு வாங்கிட்டு ரெண்டு கையாலயும் குடுங்க, அந்த ஊர் முறை உங்களுக்கே தெரியும். ஓனர் சொன்னதுக்காகப் போறதா காட்டிக்காதீங்க. அப்புறம் அந்த "பொத்திப் பொத்தி வளக்கறாங்க", அதை இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க, சிரிப்பாங்க. ஆறு வயசுல பையை மாட்டிக்கிட்டு அம்மா அப்பா இல்லாம நடந்து ஸ்கூலுக்குப் போற பிள்ளைங்கம்மா அதுங்க. நம்ம ஊர்ல தெருமுனைக் கடைக்கு அனுப்பவே நாலு வாட்டி யோசிப்போம்.

அடுத்த வருஷம் கலரிங் போதுமான்னா, வேணாம், அது போர், எனக்கே தூக்கம் வருது. பேய்க்கதை சொல்லுங்க, நான் தடுக்கல. ஆனா அந்த ஊர்ல பேய்க்கு சீசன் கோடைதான், ஆகஸ்ட்ல ஓபோன் பண்டிகை வரும்போது செத்துப்போன பெரியவங்களோட ஆவி வீட்டுக்கு வரும்னு வெள்ளரிக்காய்க்கும் கத்திரிக்காய்க்கும் குச்சியால காலு குத்தி வைப்பாங்க, வெள்ளரிக்காய் குதிரை, சீக்கிரம் வரட்டும்னு, கத்திரிக்காய் மாடு, திரும்பிப் போறது மெதுவா போகட்டும்னு. போறவங்களை அனுப்ப மனசில்லாம கத்திரிக்காய்ல மாடு செய்யற ஜனங்க! ஹார்ஸ், கவ், ஃபாஸ்ட், ஸ்லோ, ஒரு பாடத்துக்கு இதுக்கு மேல என்ன வேணும்? பிள்ளைங்களே கையால செய்யலாம், ஹாலோவீன்ல ஐரிஷ்காரங்க முதல்ல டர்னிப் கிழங்கைத்தான் குடைஞ்சு விளக்கு வச்சாங்க, அமெரிக்கா போன பிறகுதான் பூசணிக்கா வந்துச்சு, அதையும் இதோட சேத்துச் சொல்லலாம்.

ஹனாகோவையும் அப்படியே அந்தரத்துல விட்டுடாதீங்க. அந்த ஊர்ப் பசங்க பேயை உண்டாக்கும்போதே தப்பிக்கற வழியையும் சேத்துதான் உண்டாக்குவாங்க. 1979ல வாய் கிழிஞ்ச பொம்பளை வர்றான்னு ஜப்பானே கலங்கி பிள்ளைங்களைக் கும்பல் கும்பலா வீட்டுக்கு அனுப்புன நேரத்துல கூட, "போமேட்"னு மூணு வாட்டி சொன்னா ஓடிடுவான்னு பசங்களே கண்டுபிடிச்சு வச்சிருந்தாங்க, போமேட்னா தலைக்குத் தடவற கிரீம்தான்! நீங்க கதவைத் தட்டிட்டு கதையை அங்கேயே நிறுத்திட்டீங்க. மிச்சத்தை உங்க பொண்ணு எழுதட்டும். கதவைத் தட்டி "ஆர் யூ தேர்?"னு கேட்டா "யெஸ் ஐ ஆம், டிட் யூ வாஷ் யுவர் ஹேண்ட்ஸ்?"னு ஹனாகோ திருப்பிக் கேக்கற மாதிரி, அவ இஷ்டம். எழுதி முடிச்சதும் அடுத்த கிளாஸ்ல அவளே லைட்டைப் போட்டு வச்சுக்கிட்டு சொல்லட்டும், நீங்க கடைசி பெஞ்சுல போய் உக்காருங்க.

இன்னிக்கு சாயந்திரம் பாட்டிலை வாங்கினதும் சிங்க்கு பக்கம் போகாதீங்க, கையில வச்சு கனம் பாருங்க. ரெண்டு வாரம் கழிச்சு எவ்ளோ மிச்சம் வருதுன்னு எனக்கு எழுதுங்க.