தகர வீட்டில் குரலையும் கிற்றாரையும் ஒன்றாகப் பதிவது

தங்கச்சி, ஜாஸ் சாயலில் நீங்களே எழுதிய பாட்டுகளைக் கிளிநொச்சி வீட்டில் வெறும் குரலும் கிற்றாருமாகப் பதிகிறீர்கள், குரலைத் திருத்தப் போனால் கிற்றாரும் சேர்ந்து மாறுகிறது, அதனால் இரண்டையும் தனித்தனியாகப் பதியட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஜாஸில் குரல் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து வரும், விரல் அதைக் கேட்டு இடம் விடும். பிரித்துப் பதிந்தால் முதலில் போவது அதுதான்.

ஒன்றின் சத்தம் மற்றதன் மைக்கில் கலப்பதைக் குறைக்க எட்டு வடிவ மைக் இரண்டு கடனாகவாவது கிடைக்குமா பாருங்கள். அது முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் செவிடு. குரல் மைக்கின் செவிட்டுப் பக்கம் கிற்றாரைப் பார்க்கட்டும், கிற்றார் மைக்கின் செவிட்டுப் பக்கம் உங்கள் வாயைப் பார்க்கட்டும். கிற்றார் மைக்கைப் கழுத்தின் பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு (குறுக்குக் கம்பிக்கு) ஒரு சாண் தள்ளி வையுங்கள்; கிற்றாரின் ஓட்டைக்கு நேரே வைத்தால் குமுறும். சாதாரண மைக் என்றால் அதற்கு முதுகுதான் செவிடு, அதைக் கணக்கில் எடுத்துத் திருப்புங்கள்.

அப்புறம் அறை. வெயில் ஏறினாலும் இறங்கினாலும் தகரம் டக் டக்கென்று சத்தம் போடும், கண்டி வீதி லொறியின் உறுமலும் வரும், ஆகவே இரவு பத்துக்குப் பிறகு பதியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தகரத்தின் கீழ் ஒன்றுமே நடக்காது. நான் பாடும்போது முதுகுக்குப் பின்னால் வரும்படி கயிற்றுக் கொடி கட்டி, தடித்த போர்வையை இரண்டாக மடித்துச் சுவரில் ஒட்டாமல் தொங்கவிடுவேன், சீலை நிறைந்த அலுமாரியையும் திறந்து வைப்பேன். எதிரொலி நன்றாக அடங்கும். காற்றாடியை நிறுத்த மறக்காதீர்கள்.

24 பிட் தரத்தில் பதியுங்கள், மீற்றரில் சத்தத்தின் உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ஒரு பாட்டைப் பதிந்து இங்கே போடுங்கள், கேட்டுச் சொல்கிறேன்.