வாசகர் கேள்வி–பதில்: துரத்திப் பிடித்தும் ஏன் வீழ்த்த முடியவில்லை?

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் யுங்கர்ஸ் 86 உளவு விமானம் வேகம் குறைந்ததுதானே? பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தால் அதை ஏன் வீழ்த்த முடியவில்லை?
– வாசகர், திருச்சி

பதில்: காரணம் வேகமல்ல, அது பறந்த உயரம். 13,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். யுங்கர்ஸ் 86-ஐ அந்த உயரத்துக்கென்றே செதுக்கியிருந்தார்கள். மெல்லிய காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போசார்ஜர் பொருத்திய இரண்டு டீசல் இன்ஜின்கள், அழுத்தம் காக்கும் அறை, அதில் இரண்டே பேர். 'ஆர்' வகையில் ஓர் இறக்கை முனையிலிருந்து மறு முனை வரை 32 மீட்டர். எரிபொருள் எரியக் கூடுதல் ஆக்சிஜன் கிடைக்க, இன்ஜினுக்குள் நைட்ரஸ் ஆக்சைடும் செலுத்தினார்கள். உச்ச உயரம் 14,000 மீட்டருக்கு மேல்.

முதல் சிக்கல் நேரம். மணிக்கு 300 கி.மீ. என்று வைத்தாலும், போர் விமானம் மேலேற எடுக்கும் 20 நிமிடத்தில் எதிரி 100 கி.மீ. கடந்துவிடுவான். அதனால் ரேடாரில் தெரிந்தவுடன் கிளம்பியாக வேண்டும். அவன் போகும் திசையைத் தவறாகக் கணித்தால் அன்றைய முயற்சி வீண்.

ஏறிச் சேர்ந்த பிறகுதான் உண்மையான கஷ்டம். அங்கே விமானம் விழாமல் நிற்கக் கீழே தேவைப்படும் வேகத்தைப் போல இரு மடங்கு வேண்டும். கொஞ்சம் கூர்மையாகத் திரும்பினாலும் இறக்கை தாங்கும் விசையை இழந்து விமானம் சரியும். இழந்த உயரத்தை மீட்பதற்குள் எதிரி நழுவிவிடுவான். வெளியே குளிர் மைனஸ் 56 டிகிரி. எண்ணெய் கெட்டியாகித் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும், கண்ணாடியில் பனி படியும். முகமூடி வழியாகச் சுத்தமான ஆக்சிஜனே வந்தாலும், சுற்றுப்புற அழுத்தம் போதாததால் விமானிக்கு மயக்கம் வரும் ஆபத்து உண்டு.

1942 செப்டம்பர் 12 அன்று இவற்றில் பல ஒன்றாகத் தாக்கின. லண்டன் அருகே நார்தோல்ட் தளத்தில், ஒன்பதாம் மாதிரி ஸ்பிட்ஃபயர் ஒன்றிலிருந்து கவசத் தகடுகளையும் இயந்திரத் துப்பாக்கிகளையும் கழற்றி, மர விசிறி பொருத்தி, சுமார் 200 கிலோ குறைத்திருந்தார்கள். இரண்டு 20 மி.மீ. பீரங்கிகள் மட்டும் மிச்சம். அதை ஓட்டிய விமானி இமானுவேல் கலிட்சின், தென் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பக்கம் எதிரியை எட்டிவிட்டார். சுட்டதும் ஒரு பீரங்கி சிக்கிக்கொண்டது. மற்றது மட்டும் சுட்டபோது உதைப்பு ஒரு பக்கமாக விழுந்து, விமானத்தின் மூக்கு குறியை விட்டுத் திரும்பியது. யுங்கர்ஸ் இறக்கையில் ஒரே ஓர் அடியோடு தப்பியது. ஆனாலும் அதன்பின், உளவோடு குண்டும் வீசிவந்த யுங்கர்ஸ் 86 பிரிட்டன் மீது நடத்திய அந்த உயரத் தாக்குதல்கள் நின்றுபோயின. என் கணிப்பில், வீழ்த்தியதற்கு நிகரான வெற்றி அது.

கேள்வி: எகிப்தின் மேல் பறந்த யுங்கர்ஸ் 86-ஐப் பிடிக்க அங்கிருந்த பிரிட்டிஷ் படையினர் என்ன செய்தார்கள்?
– வாசகர், மதுரை

பதில்: அலெக்சாந்திரியா அருகே அபூக்கிர் பணிமனையில் ஐந்தாம் மாதிரி ஸ்பிட்ஃபயர்களின் எடையைக் குறைத்தார்கள்; கூடுதல் திறன் கிடைக்க, இன்ஜினின் அமுக்க விகிதத்தைக் கூட்டினார்கள். விமானங்கள் ஜோடியாகப் போகும்; அவற்றில் அடிக்கும் விமானத்தில் ரேடியோவும் கிடையாது. ரேடியோ வைத்த இன்னொரு விமானம் தரையிலிருந்து திசை கேட்டு வழிகாட்டும்; மற்றது அதற்கு மேலே ஏறித் தாக்கும். அழுத்த அறை இல்லாத விமானத்தில் அந்த விமானிகள் இதைச் செய்தார்கள் என்பது இன்றும் மலைக்க வைக்கிறது.