பகலில் கண் மூடும் பச்சோந்தி

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறோம். மகன் வளர்த்த ஏமன் பச்சோந்தியை, அவன் கோவைக்குப் படிக்கப் போன பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வயது ஒன்பது மாதம். காலையில் கறுத்துப் போகிறது, தோல் உரிகிறது, மூக்கில் வெள்ளையாகப் பொடி படிகிறது. போன வாரம் முழுக்கக் கூண்டின் அடியில் பிறாண்டிக்கொண்டே இருந்தது. நாலு நாளாகச் சாப்பிடவில்லை, ஆனால் வயிறு பெருத்திருக்கிறது. இன்டர்நெட்டில் பார்த்து ஆன்டிபயாடிக் சிரப் இரண்டு சொட்டு கொடுத்தேன், சிரிஞ்சில் தண்ணீரும் விட்டேன். தொட்டால் எங்களுக்கு நோய் வருமா? இரண்டு நாளாகப் பகலிலும் தூங்குகிறது. என் பொறுப்பில் இருக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் மகனிடம் என்ன சொல்வேன்?

பதில்: பகலில் தூங்குகிறது என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே அம்மா, அதுதான் முதல் வரியாக வந்திருக்க வேண்டும். அது தூக்கமே இல்லை. கடிதம் கிடைத்தவுடன் உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே பிராணியை வைத்திருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

பச்சோந்தி இருட்டினால் தூங்கும், வெளிச்சம் வந்தால் விழிக்கும். பகலில் அதன் இரண்டு கண்களும் தனித்தனியாகச் சுழன்று எதையாவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பருந்துக்கும் பாம்புக்கும் இரையாகிற உயிர் என்பதால், உடம்பு சரியில்லாததை முடிந்தவரை வெளியே காட்டாது. கண்ணை மூடிவிட்டது என்றால் சமாளிக்கும் தெம்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். ஒரு கண் மட்டும் மூடியிருந்தால் தூசியோ புண்ணோ இருக்கலாம், அதையும் ஓரிரு நாளில் காட்ட வேண்டும். இரண்டு கண்ணும் பகலில் மூடினால் அது கண் நோய் என்று நினைத்து மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்க வேண்டாம். நீர்ச்சத்துக் குறைவு, நுரையீரல் தொற்று, சிறுநீரகக் கோளாறு, வயிற்றில் சிக்கிய முட்டை என்று உள்ளே பெரிதாக ஏதோ இருக்கும். அன்றைக்கோ மறுநாள் காலையிலோ மருத்துவரிடம் போயாக வேண்டும்.

உங்கள் பச்சோந்திக்கு முட்டை என்றுதான் எனக்குச் சந்தேகம். பின்னங்கால் பாதத்துக்குப் பின்புறம், குதிகால் இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஆணாக இருந்தால் குஞ்சாக இருக்கும்போதே அங்கே முள் மாதிரி சின்ன நீட்சி இருக்கும். இல்லையென்றால் பெண். “ஆணே இல்லாமல் முட்டை எப்படி?” என்று கேட்பீர்கள். கோழி போடுவதில்லையா, அது மாதிரிதான். இந்த இனத்துப் பெண் ஒரு தடவைக்கு 20 முட்டைக்கு மேல் போடும், அறுபது எழுபதுகூடப் போவதுண்டு. சில பெண்களுக்கு ஆறு மாத வயதிலேயே தொடங்கிவிடும். முட்டையை மண்ணைத் தோண்டித்தான் வைக்கும். நீங்கள் பார்த்த பிறாண்டல் அதற்கான தேடலாக இருக்கலாம். கூண்டில் ஈர மணல் இல்லை, ஆள் நடமாட்டம் ஓயவில்லை என்றால் போடாமல் அடக்கிக்கொள்ளும். அப்புறம் களைத்து, பிறாண்டுவதை விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொள்ளும். சாப்பிடாமலே வயிறு பெருத்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், உள்ளே முட்டை உடைந்தால் உயிருக்கே ஆபத்து. ஓர் அடிக்குக் குறையாமல் ஈர மணல் நிரப்பிய வாளியை வைத்து, கூண்டைத் துணியால் மறைத்துவிடுவது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது பிறாண்டத் தொடங்கிய நாளில் செய்ய வேண்டியது. கண் மூடிய பிறகு வாளியை வைத்துக் காத்திருக்காதீர்கள்.

அந்த சிரப்பை நிறுத்துங்கள். மனிதக் குழந்தைக்கு எழுதிக்கொடுத்த மருந்தை, சூழலின் சூட்டைப் பொறுத்து உடம்பு இயங்கும் ஒரு பிராணிக்கு எந்த நம்பிக்கையில் கொடுக்கிறீர்கள்? நீர் வற்றிய ஊர்வனவின் சிறுநீரகத்தைச் சில ஆன்டிபயாடிக்குகள் நிரந்தரமாகக் கெடுத்துவிடும். வீடியோவில் சொல்கிறவர் உங்கள் பச்சோந்தியை எடைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. சிரிஞ்சில் தண்ணீர் விடுவதும் வேண்டாம். மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே முன்பக்கம் இருக்கிறது, தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். கிண்ணத்தில் வைத்தாலும் பெரும்பாலும் குடிக்காது, இலையில் உருளும் சொட்டைத்தான் நக்கும். ஆகவே இலைகளில் ஸ்ப்ரேயரால் தண்ணீர் தெளியுங்கள். எச்சத்தில் வெள்ளையாக ஒரு பகுதி இருக்கும் அல்லவா, அது ஆரஞ்சு நிறமானால் தண்ணீர் போதவில்லை. வெயில் காலத்தில் புதுச்சேரியில் பாவம் என்று நாள் முழுக்க ஏசி போட்டுவிடுகிறார்கள். அந்தக் காற்று அதன் உடம்பை வற்ற வைக்கும்.

மற்றவற்றுக்குப் பயம் வேண்டாம். காலையில் கறுப்பது வெயிலின் சூட்டை வாங்கிக்கொள்ள. நாள் முழுக்கக் கறுப்பாகவே இருந்தால்தான் கவலை. தோல் உரிவது வளர்ச்சி. மூக்கில் படிவது உடம்பு வெளியேற்றும் உப்பு. தொடுவதைப் பற்றிக் கேட்டீர்கள்: பச்சோந்திக்கு விஷம் கிடையாது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கூண்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள். அவ்வளவுதான்.

குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடைக் கல்வி ஆராய்ச்சி நிலையத்துக்கு போன் செய்து, ஊர்வன பார்க்கும் மருத்துவர் எப்போது இருப்பார் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அங்கே முடியாவிட்டால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டிக்குள் பிடித்துக்கொள்ள ஒரு குச்சியைக் குறுக்கே செருகி, வெயில் ஏறுவதற்குள் கொண்டுபோங்கள். கடைசியாகப் போட்ட எச்சத்தையும் அந்த சிரப் பாட்டிலையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். 2024 விதிப்படி இந்த வெளிநாட்டு இனத்தை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். மகன் செய்யவில்லை என்றால் அதை அவன் கவனிக்கட்டும், அந்தப் பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மகனுக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள். மணல் வாளி வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை, இதில் உங்கள் மேல் குற்றமில்லை. அவனிடம் இரண்டு விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: புற ஊதா பல்பை எப்போது வாங்கினான், பூச்சியின் மேல் கால்சியம் பொடி தூவிக் கொடுத்தானா. பல்பு எரிந்துகொண்டிருந்தாலும் ஓராண்டுக்குள் அதன் புற ஊதாக் கதிர் குறைந்துவிடும், அந்தக் கதிர் இல்லாமல் உடம்பில் கால்சியம் சரியாகச் சேராது. கால்சியம் குறைந்த உடம்பால் முட்டையைத் தள்ள முடியாது. மருத்துவர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.