சீசர் ஏன் பெண்குரலில் பாடுகிறார்?

அன்புள்ள ஐயா,

நான் லைப்சிக்கில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். பக்கத்து ஊரான ஹாலேயில் ஹாண்டல் என்ற பழைய இசையமைப்பாளரின் ‘ஜூலியோ சேசரே’ (ஜூலியஸ் சீசர்) என்ற இசைநாடகத்துக்கு, அதாவது ஓபராவுக்கு, அலுவலக நண்பர் டிக்கெட் எடுத்துவிட்டார். இத்தாலிய மொழியாம், நாலு மணி நேரமாம். யூடியூபில் கொஞ்சம் பார்த்தேன். சீசர் பெண்குரலில் பாடுகிறார். ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடுகிறார்கள், கதை நகரவே இல்லை. தூங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. கோட்டு சூட்டு வேறு வேண்டுமா?

ஆர்., லைப்சிக்

அன்புள்ள ஆர்.,

தூக்கம் வந்தால் தூங்குங்கள். முதல்முறை நானும் இரண்டாம் அங்கத்தில் தூங்கினேன். விழித்தபோது அதே பாடகி அதே வரியில்தான் இருந்தார். ஒன்றும் போய்விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். போனது என்னவென்று அப்புறம்தான் தெரிந்தது.

கதைச் சுருக்கத்தை வீட்டிலேயே படித்துவிடுங்கள். அரங்கில் கதை நகர்வது பேச்சும் பாட்டுமான ‘ரெசிடடிவ்’ பகுதிகளில். ஹார்ப்சிகார்ட் என்ற பழைய விசைப்பலகை வாத்தியமும் செல்லோவும் மட்டும் கூட வரும், மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு ஓடும். ‘ஆரியா’ தொடங்கியதும் கதை நின்றுவிடும். ஒரு ஆள், ஒரு உணர்ச்சி, எட்டு வரிக்குள் அடங்கும் பாட்டு. முதல் பகுதி, வேறு மனநிலையில் ஒரு நடுப்பகுதி, மறுபடி முதல் பகுதி. அப்படித் திரும்பி வரும்போது பாடகர் தன் சொந்தச் சங்கதிகளைப் போட வேண்டும். அதைக் கேட்கத்தான் அந்தக் காலத்தில் கூட்டம் வந்தது.

மூன்றாம் அங்கத்தில் கிளியோபாட்ரா தம்பி தாலமியிடம் சிறைப்பட்டுப் பாடும் ‘பியாஞ்சேரோ’வைக் கவனியுங்கள். உயிர் உள்ளவரை என் விதியை எண்ணி அழுவேன் என்று மெல்ல இழைகிறது. சட்டென்று வயலின்கள் ஓட்டமெடுக்கின்றன: செத்தாலும் ஆவியாக வந்து அந்தக் கொடுங்கோலனை விடமாட்டேன். மறுபடி அதே அழுகை. சொல்லும் மெட்டும் மாறவில்லை. ஆனால் நடுவில் அந்தக் கோபத்தைக் கேட்டுவிட்டோமே, இப்போது அழுபவள் வேறு ஆள்.

பெண்குரல் விஷயம். 1724 பிப்ரவரி 20 அன்று லண்டன் ஹேமார்க்கெட் அரங்கில் முதல் சீசராகப் பாடியவர் செனெசினோ. குரல் உடையும் முன்பே விதைநீக்கம் செய்யப்பட்ட ‘காஸ்த்ராத்தோ’. கொடுமைதான். ஆனால் அன்றைய ரசிகருக்கு மாவீரன் என்றால் உச்சக்குரல். இன்று அதைப் பெண்களோ கவுண்டர்டெனர் எனும் உச்சக்குரல் ஆண்களோ பாடுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் பாரிட்டோன் எனும் கனத்த குரல் ஆண்களை வைத்து ஒரு ஸ்தாயி கீழே இறக்கிப் பாடவைத்தார்கள். எனக்கு அது மாட்டுவண்டியில் போர்க்களம் போவது போலிருக்கும்.

பழைய வாத்தியங்களோடு வாசிக்கும் குழு என்றால், அடிக்கடி சுருதி சேர்ப்பார்கள். குடல்நரம்புத் தந்திகள் அரங்கின் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகிவிடும். வாத்தியக் குழியிலிருந்து ஒட்டகச்சிவிங்கிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் கழுத்து, தியோர்போ என்ற தந்தி வாத்தியத்துடையது. சீசர் தாலமியைச் சந்தேகித்து, வேடன் ஓசையில்லாமல் பதுங்கிப் போவான் என்று பாடும்போது ஒற்றைக் கொம்பு பின்தொடரும். அன்றைய கொம்பில் வால்வு கிடையாது, உதடுதான் எல்லாம். ஒரு ஸ்வரம் பிசகினால் முகம் சுளிக்காதீர்கள்.

மேடையில் பிரமிடை எதிர்பார்க்க வேண்டாம். 2005இல் இங்கிலாந்தின் க்ளைண்ட்போர்ன் ஓபரா விழாவில் இயக்குநர் டேவிட் மெக்விகர் இதைப் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியக் காலத்துக்குக் கொண்டுபோனார், பாலிவுட் பாணி ஆட்டத்தோடு. கிளியோபாட்ராவாக ஆடிப் பாடிய டேனியல் டி நீஸின் பெற்றோர் இலங்கையிலிருந்து ஆஸ்திரேலியா போனவர்கள்.

உடையா? துவைத்த சட்டை போதும். மற்றவர்கள் கைதட்டும்போது தட்டுங்கள். வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. ஹாண்டல் காலத்தில் தனிக் கோரஸ் குழு கிடையாது, கடைசிப் பாட்டை நடிகர்களே சேர்ந்து பாடுவார்கள். அதனால் இதன் சில மேடையேற்றங்களில் சற்றுமுன் குத்துப்பட்டுச் செத்த தாலமியும் எழுந்து வந்து சேர்ந்துகொள்வார். பக்கத்து இருக்கைக்காரரிடம் விளக்கம் கேட்காதீர்கள்.